அண்ணன் கையில் என் வீட்டுக்காரரின் மெஷின்

என் வீட்டுக்காரருக்கு எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாது. ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை ஒருநாளாவது அவர் முழுதாகச் சாப்பிட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே டப்பாவைத் திறந்து நாலு பேருக்கு நீட்டிவிடுவார். சாப்பாட்டோடு நின்றாலும் பரவாயில்லை. மருந்தும் அப்படித்தான். முதுகுவலித் தைலம், சளி மாத்திரை, பிளட் பிரஷர் மாத்திரை என்று எது கையில் இருந்தாலும் "எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு" என்பார். வாங்கிக்கொள்கிறவரும் எதற்கு என்று கேட்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுவார். டாக்டர் எழுதிக் கொடுப்பது ஒருவருக்கு, சாப்பிடுவது ஒரு பஸ் ஆட்கள்.

அவர் நீட்டுவதை முதல் ஆளாக வாங்கிக்கொள்பவர் அண்ணன். என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இரண்டு மாடி கீழே குடியிருப்பவர். அவரும் என் வீட்டுக்காரரும் ஊரிலிருந்து ஒரே விமானத்தில் சிங்கப்பூர் வந்து, தங்கும் விடுதியில் மேல்கட்டில் கீழ்க்கட்டிலில் படுத்து, ஒரே பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிறகு இருவரும் சூப்பர்வைசர் ஆனார்கள், நிரந்தரவாசி ஆனார்கள், குடும்பத்தைக் கூட்டி வந்தார்கள், புக்கிட் பாத்தோக்கில் ஒரே புளோக்கில் வீடும் வாங்கினார்கள். கல்யாணத்தை மட்டும்தான் தனித்தனியாகச் செய்துகொண்டார்கள். அண்ணி தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன, அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே மகள் பெர்த்தில் இருக்கிறாள். அதனால் அண்ணனுக்கு ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். நாங்கள் கூப்பிட்டதாகவோ அவர் கேட்டதாகவோ எனக்கு ஞாபகம் இல்லை. ஒருநாள் வந்து உட்கார்ந்தார், மறுநாளும் வந்தார், அவ்வளவுதான்.

அண்ணனுக்கு நெஞ்சில் கோளாறு இருப்பது எங்கள் மூவருக்கும் முன்பே தெரியும். மார்க்கெட்டிலிருந்து பை தூக்கி வந்தால் மார்பு இறுகுகிறது என்று பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், சொன்னார். அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இதய டாக்டர், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, வயர் விட்டுப் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் அப்போதே திறந்துவிடலாம் என்று சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக நாள்காட்டியைப் பார்த்தார். வருடா வருடம் சிராங்கூன் சாலையில் வாங்கி வந்து சமையலறைச் சுவரில் மாட்டுகிற, நாளுக்கு ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டி அது. ஆஸ்பத்திரி கொடுத்த நாள் அஷ்டமி. போன் போட்டு மாற்றினார். அடுத்துக் கொடுத்த நாளில் அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். அதற்கடுத்தது கரிநாள். அப்புறம் மார்கழி பிறந்துவிட்டது.

"மார்கழியில நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டாங்கம்மா" என்றார் சாம்பாரைப் பிசைந்துகொண்டே.

"நெஞ்சுல வயர் விடுறது எப்பண்ணே நல்ல காரியமாச்சு? அதுக்கும் பந்தக்கால் நடணுமா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். ஆனால் நாள் வாங்கவில்லை. ஊரில் அவருடைய சொந்த அண்ணன் ஆபரேஷன் மேசையிலேயே இறந்துபோனவர். பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் கேலி செய்வதை நிறுத்தியிருப்பேன். அவர் அஷ்டமி நவமி என்றார். நானும் விடவில்லை.

டாக்டர் எச்சரித்தது அண்ணனை. மாரடைப்பு வந்ததோ என் வீட்டுக்காரருக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். முகம் வெளிறி, கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. என்ன என்று கேட்டால் வாயு என்றார். இஞ்சி தட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்தார், எழுந்து நடந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன் என்றதும், "இரு, குளிச்சிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனவர் சவரமும் செய்துகொண்டு வந்தார். நாலு பேர் பார்ப்பார்களாம். மாரடைப்பை வைத்துக்கொண்டு மோவாயை மழித்த மனிதர் இந்தத் தீவில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அவர் குளித்து முடிக்கிற வரைக்கும் நான் பாத்ரூம் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். இப்போது கேலியாகச் சொல்கிறேன், அன்று உள்ளே தண்ணீர் சத்தம் நிற்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் மளமளவென்று எல்லாம் நடந்தது. மணிக்கட்டு வழியாக வயரை விட்டு, அடைத்திருந்த குழாயைப் பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைத்து, ரத்தம் மறுபடி ஓடுகிறது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். நான் கும்பிட்டேன். அவர் அத்தோடு போகவில்லை. வந்து சேரத் தாமதமாகிவிட்டது, ரத்தம் போகாமல் கிடந்த இடத்தில் தசை அடிபட்டிருக்கிறது, எவ்வளவு பிழைக்கும் என்று போகப்போகத்தான் தெரியும் என்றார். இன்னொன்றும் சொன்னார். ரத்தம் திரும்பி வருவதே அந்தத் தசைக்கு இன்னோர் அடியாகவும் ஆகலாமாம். பட்டினி கிடந்த இடத்துக்குச் சாப்பாடு வந்தால் நல்லதுதானே என்று நான் கேட்டேன்.

"ஆமா, ஆனா ஒரேயடியா வந்தா தாங்காது" என்றார்.

அது எனக்கு உடனே புரிந்தது. தைப்பூச விரதம் முடித்த கையோடு தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்துக்கிடந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவரும் என் வீட்டுக்காரர்தான்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஆய்வுத் தாதி ஒருத்தி வந்தாள், ஆராய்ச்சி வேலைக்கென்றே இருக்கிற நர்ஸ். நம் பெண்தான். என் பாலர் பள்ளியில் நான் தமிழ் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வளர்ந்தால் இந்த வயதில் இருப்பார்கள், இப்படித்தான் பேசுவார்கள்.

"அங்கிள், ஒரு ஸ்டடி இருக்கு. விருப்பம் இருந்தா மட்டும் லா, கட்டாயம் இல்ல. உங்களுக்கு பிளட் ஃப்ளோ திரும்ப வந்துருச்சு. பட் ஹார்ட் மசில் ரிகவர் ஆகணும்ல? அதுக்கு இந்த மெஷின் ஹெல்ப் பண்ணுமான்னு பாக்கறோம்."

மெஷின் என்று அவள் காட்டியது பிளட் பிரஷர் பார்க்கிற பட்டை மாதிரிதான் இருந்தது. மேல்கையில் சுற்றிக்கொள்ள வேண்டும். அது சில நிமிடம் கையை நெருக்கிப் பிடித்து ரத்தத்தை நிறுத்தும், பிறகு விடும், மறுபடி நெருக்கும். கை இப்படித் திண்டாடும்போது உடம்பு ஏதோ சேதி அனுப்புகிறதாம், அதைக் கேட்டு இதயம் தன்னைக் காத்துக்கொள்கிறதாம். மூத்தவனைத் திட்டினால் இளையவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறானே, அந்தக் கதை. உண்மையிலேயே அப்படி நடக்கிறதா என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆய்வு என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் தினமும் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு முறைதான் ஓடும், அதன்பின் மறுநாள் வரைக்கும் தானாகவே பூட்டிக்கொள்ளும்.

"ஒண்ணு சொல்லிடறேன் அங்கிள். சில பேருக்கு ரியல் மெஷின், சில பேருக்கு டம்மி. டம்மியும் கொஞ்சம் டைட் பண்ணும், ஆனா ரத்தத்தை நிறுத்தாது. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு."

என் வீட்டுக்காரர் சற்று யோசித்தார். "சரி, நம்மால நாலு பேருக்கு நல்லது நடந்தா நடக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். நாலு பேர் என்ற வார்த்தை வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மெஷின் வீட்டுக்கு வந்தது முதல் எங்கள் பேச்செல்லாம் அது நிஜமா டம்மியா என்பதைப் பற்றித்தான். வலித்தால் நிஜம், வலிக்காவிட்டால் டம்மி என்பது அண்ணனின் கட்சி. அதில் ஒரு சிக்கல். என் வீட்டுக்காரரிடம் வலிக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. வெல்டிங் பொறி தோளில் பட்டுப் பொத்தல் விழுந்தபோதுகூட எறும்பு கடித்தது என்றவர். மாரடைப்பை வாயு என்றவர். பட்டை இறுகும்போது முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று முதல் வார விடுமுறை நாளில் நான் எதிரே உட்கார்ந்தேன். அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்க்கிற அதே முகத்தோடு இருந்தார்.

"எங்க, என் கையில போடு. நான் சொல்றேன் நிஜமா டம்மியான்னு" என்றார் அண்ணன் ஒருநாள் சாப்பிட வந்த இடத்தில்.

நான் அவரை முறைத்தேன். "உங்களுக்கு ஆஸ்பத்திரியில கொடுத்த நாள் என்னாச்சுண்ணே?"

"தை பொறக்கட்டும்மா."

அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என்னுடைய வேலை காலையில். நான் வேலைக்கோ, சனி ஞாயிறில் மார்க்கெட்டுக்கோ கிளம்பிப் போன பிறகு, பசியாறிவிட்டு மெஷினைப் போட்டுக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார். வாராவாரம் ஆய்வுத் தாதி போன் செய்வாள். மெஷின் தினமும் ஓடியதா இல்லையா என்பது அவளுக்கு அங்கிருந்தே தெரியும். "ஆன்ட்டி, அங்கிள் ஒரு நாள்கூட மிஸ் பண்ணல. என்னோட பெஸ்ட் பேஷண்ட் லா" என்பாள். எனக்கு உள்ளூரப் பெருமை. டாக்டர் சொன்ன எதையும் கேட்காத மனிதர், இதையாவது ஒழுங்காகச் செய்கிறாரே. அந்தத் தசை பிழைக்கட்டும், அவர் பழையபடி பட்டறைக்குப் போகாவிட்டாலும் போகிறது, மேம்பாலப் படியில் நிற்காமல் ஏறட்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் பாலர் பள்ளியில் பிள்ளைகள் சிலருக்குக் கை கால் வாய் நோய் என்ற தொற்று வந்து, வகுப்புகளை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். சோபாவில் அண்ணன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் பட்டை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரில் வந்த கப்பல் செய்தியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். மேசையில் இரண்டு கப் கோப்பி. மணமேடையில் மாப்பிள்ளைக்குத் தோழன் விசிறுவதுகூட இவ்வளவு அக்கறையாக இருக்காது.

பட்டை உஸ்ஸென்று காற்றை இறக்கியது. மூவரும் அதையே பார்த்தோம்.

"வாம்மா" என்றார் அண்ணன். "நான் செகண்ட் ஷிஃப்ட். அவன் காலையிலேயே போட்டுட்டான்."

"செகண்ட் ஷிஃப்டா? அது ஒரு நாளைக்கு ஒரு தடவைதாண்ணே ஓடும். அப்புறம் பூட்டிக்கும்."

அண்ணன் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் பேப்பரை நான்காக மடித்தார். எட்டாக மடித்தார். மேற்கொண்டு மடிக்க முடியவில்லை.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"அதுக்கப்புறம் உங்க கையில ஒருநாள்கூடப் போடலையா?"

"எனக்குத்தான் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வெச்சாச்சே. அவனுக்கு ஒண்ணுமே இல்லியே. அவன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான். அதான் ஆஸ்பத்திரியை அவன்கிட்ட கொண்டுவந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அது உங்க பழைய டிபன் டப்பாவா, நாலு பேருக்கு நீட்ட? உங்க நெஞ்சுங்க அது! எனக்கு இருக்கறது ஒரே ஒரு வீட்டுக்காரர். அதையும் பங்கு போட்டுக் கொடுத்தா நான் எங்க போவேன்?" என்று கத்தினேன். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அழுகை வந்தது. அழுதால் இரண்டு பேரும் சமாதானம் சொல்ல எழுந்து வருவார்கள், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று சமையலறைக்குள் போய் அரிசியைக் களைந்தேன். காலை பத்து மணிக்கு அந்த அரிசி யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் பட்டையைக் கழற்றி, ஒழுங்காகச் சுருட்டி, மேசைமேல் வைத்திருந்தார். கோப்பி அப்படியே இருந்தது.

"நீ காலையிலேயே போட்டுட்டேன்னு எங்கிட்ட சொன்னியேடா" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி அவர் சாப்பிட வரவில்லை. இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் மூன்றாவது தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் அதை எடுக்கவும் இல்லை.

மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு ஆய்வுத் தாதியிடம் போனேன். நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள் என்றேன். பெஸ்ட் பேஷண்ட் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. பிறகு சிரிப்பு போய்விட்டது.

"அப்ப இத்தனை நாளா... அது யாரோட கை, அங்கிள்?"

அண்ணனுக்குக் கை கறுத்ததா, மரத்துப்போனதா என்று பதறிக் கேட்டாள். அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் கோபப்படவில்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. கொஞ்சம் திட்டுவார் என்றுதான் கூட்டி வந்திருந்தேன். அவர் பொறுமையாக ஒன்றை மட்டும் சொன்னார். அடைப்பைத் திறந்து ரத்தம் திரும்ப ஓடியவருக்கு, அடிபட்ட தசையைத் தேற்ற முடியுமா என்று பார்க்கிற மெஷின் இது. அடைப்பே திறக்காத உங்கள் நண்பருக்கு இது வைத்தியம் இல்லை. இதைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்ததுதான் ஆபத்து.

என் வீட்டுக்காரர் முகம் சின்னதாகிப் போனதை அப்போதுதான் பார்த்தேன். தன் பங்கையும் விட்டு, அவனுக்கும் உதவாமல் போனதே என்று அவருக்கு.

அவரை ஆய்விலிருந்து தள்ளிவிடுவீர்களா என்று நான் கேட்டேன். இல்லையாம். நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்வார்களாம், ஆனால் எந்த மெஷின் அவருக்கு என்று விழுந்ததோ அந்தக் கூட்டத்திலேயேதான் அவர் கடைசிவரை இருப்பார், போட்டாலும் போடாவிட்டாலும். எங்கள் கல்யாணமும் இதே சட்டப்படிதான் நடந்து வருகிறது. தாலி கட்டியவர் கணவர் கணக்கு, சொன்ன பேச்சைக் கேட்டாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. இதைச் சொன்னதும் அந்தப் பெண் மறுபடி சிரித்தாள்.

மிச்சமிருந்த சில நாட்கள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையிலேயே பட்டையைச் சுற்றினேன். கப்பல் செய்தி எதுவும் படித்துக் காட்டவில்லை.

அண்ணன் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து வாசலிலேயே நின்றார்.

"ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேம்மா. யாரோ ஒருத்தர் வரலையாம், அந்த இடத்தைக் குடுத்துட்டாங்க. வியாழக்கிழமை."

"உள்ள வாங்கண்ணே."

"அவன் எனக்காகத் தன் மருந்தை விட்டிருக்கான். நான் அஷ்டமி பாத்துட்டு உக்காந்திருந்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "பயமா இருந்துச்சும்மா. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

இத்தனை நாள் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டபோது கேலி செய்ய ஒன்றும் தோன்றவில்லை. தட்டை வைத்தேன்.

அன்று அவர் கீழே போன பிறகு, பஞ்சாங்கத்தை நான் போனில் தேடிப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை அவர் ராசிக்குச் சரியான சந்திராஷ்டமம். நான் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவரும் பார்த்திருப்பாரோ என்னவோ, அவரும் மூச்சு விடவில்லை.

அண்ணனுக்கு இரண்டு இடத்தில் அடைப்பு. இரண்டையும் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தாலும் பெரிய மாரடைப்பாக வந்திருக்கும், வருமுன்னே வந்துவிட்டார், தசை ஒன்றும் கெடவில்லை என்று டாக்டர் சொன்னார். வெளியே காத்திருந்த நேரமெல்லாம் என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. தனக்கு மாரடைப்பு வந்தபோது சவரம் செய்துகொண்டவர், இப்போது நேற்றுத் தாடியோடு தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். டாக்டர் வந்து சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடத்தில் பொது இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான். நானும் உதறவில்லை.

பிறகு அவருடைய முறை வந்தது. ஆய்வுக்கான கடைசி ஸ்கேன். டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் இதயம் கைமுஷ்டிபோல மூடி மூடித் திறந்தது. ஓரமாக ஓர் இடம் மட்டும் மற்றதோடு சேர்ந்து வரவில்லை. எல்லாம் நகர்ந்து முடிந்த பிறகு லேசாக அசைந்தது.

"இந்த இடம் இனிமே இப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், மத்த பக்கம் நல்லா வேலை செய்யுது. கனமான வேலை மட்டும் வேண்டாம்" என்றார்.

பட்டறை வேலை அன்றோடு முடிந்தது. அவர் அதற்காகப் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அண்ணனின் ரிப்போர்ட்டைத்தான் திரும்பத் திரும்பப் பேசினார். "அவனுக்கு ஃபுல்லா நார்மல்!" என்று லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பரீட்சையில் அண்ணன் பாஸானதுபோலவும், இவர்தான் டியூஷன் எடுத்ததுபோலவும்.

சிராங்கூன் சாலையில் முன்பெல்லாம் அவர் பத்தடி முன்னால் போவார், நான் பைகளோடு பின்னால் ஓடுவேன். இப்போது என் பக்கத்திலேயே நடக்கிறார். பூக்கடை வந்தால் நின்று மல்லிகைப்பூவை விசாரிக்கிறார். அவர் பூ வாங்குகிறார் என்று கடைக்காரப் பெண் நினைத்துக்கொள்கிறாள். அவர் மூச்சு வாங்குவதற்காக நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் தெரியாதவள்போலப் பூவுக்கு விலை பேசுகிறேன். கொண்டைக்கு இத்தனை பூ எதற்கு என்று என் பாலர் பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அப்படி நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓரம் ஞாபகம் வரும். அந்தப் பட்டையை அவர் தன் கையிலேயே போட்டிருந்தால் அது இன்னும் கொஞ்சம் அசைந்திருக்குமா? முன்பெல்லாம் அது நிஜ மெஷினாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது சாமி முன்னால் நின்று, அது டம்மியாக இருந்திருக்க வேண்டும், வெறும் டம்மியாக இருந்திருக்க வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தேன். சாமிக்கும் என்னைப் பார்த்துக் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

சில நாட்களுக்கு முன், சாயங்காலம், அண்ணனும் அவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. ஆய்வுத் தாதி.

"ஆன்ட்டி, எங்க ஸ்டடி முடிஞ்சிருச்சு. இப்ப பேஷண்ட்ஸுக்கு அவங்ககிட்ட இருந்தது ரியலா டம்மியான்னு சொல்லலாம், அவங்க கேட்டா. அங்கிள்கிட்ட மத்தியானமே கேட்டேன். உங்களைக் கேக்கச் சொல்லிட்டாரு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதானாம்."

எங்கள் வீட்டில் சீலிங் காற்றாடியின் வேகத்தைக்கூட நான் முடிவு செய்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைந்து முடித்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார். அவருக்கும் பயம்தான் என்று எனக்குப் புரிந்தது.

"ரியலா இருந்தாலும் அது உண்மையிலேயே ஹெல்ப் பண்ணுச்சான்னு இப்பத்தான் பாத்துட்டிருக்காங்க, ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "சொல்லவா?"

எதையும் தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஆள் இல்லை நான். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல் முதல் டாக்டர் கிறுக்கிய சீட்டு வரைக்கும் என்ன ஏதென்று கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. டம்மி என்று சொல்லிவிட்டால் அன்றோடு என் மனசில் உள்ள பாரம் இறங்கிவிடும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சொல்லும்மா என்று.

"ரசம் கொஞ்சம் இருக்காம்மா?" என்று கேட்டார் அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவருக்கு நல்ல பசி. கன்னமெல்லாம் கொஞ்சம் பூசியிருந்தது.

"வேண்டாம்மா" என்றேன் போனில், தணிந்த குரலில். "சொல்லாத. எப்பவுமே சொல்லாத. நான் திரும்பப் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாத."

போனைக் கவிழ்த்து வைத்தேன். என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

"யாரும்மா?" என்றார் அண்ணன்.

"ஸ்கேம் காலுண்ணே."

"ஆளை விடமாட்டானுங்க லா" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ரசத்தை ஊற்றினேன். அது நிஜ மெஷின்தான் என்று அவள் சொல்லியிருந்தால், நாளைக்கு இந்த மனிதர் வந்து உட்காரும்போது என்னால் இதே கையால் ஊற்ற முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தொடர்ந்து ஊற்ற வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.